கரிசலில் ஒரு ஷட்டில் கோர்ட்: உடைந்த தளமும் மாற்றிப் போட்ட தளமும்

கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போன ஊர். அதை ஒட்டிய கிராமம் ஒன்றில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் பேத்திகளுக்காக வீட்டின் பின்புறம் ஷட்டில் கோர்ட் போட்டார். இரண்டு மழைக்காலம் முடிவதற்குள் அந்தத் தளம் விளையாட லாயக்கில்லாமல் போனது. அதை உடைத்து எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறு தளம் போட்டுக் கொடுத்தோம். முதல் தளத்துக்கும் இரண்டாவதுக்கும் சிமென்ட் ஒரே ரகம். ஜல்லி வந்ததுகூட ஒரே குவாரியிலிருந்துதான். வித்தியாசமெல்லாம் தரைக்குக் கீழேயும் தளத்தின் நாலு ஓரத்திலும்தான். கரிசக்காட்டில் கோர்ட் போட நினைக்கிறவர்கள் பெயின்ட் கலரைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். அதனால் இந்த வேலையைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் அளவு. ஷட்டில் டபுள்ஸ் கோர்ட் 13.40 மீட்டர் நீளம், 6.10 மீட்டர் அகலம். அடிக்கணக்கில் 44-க்கு 20. கோட்டுக்கு வெளியே ஓடி விளையாட இடம் வேண்டும் அல்லவா? அதையும் சேர்த்து 60-க்கு 32 அடி என்று முடிவு செய்தோம். நாலரை சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ஓரத்தில் பாஸ்கெட்பால் வளையம் ஒன்றும் கேட்டார்கள். அந்த ஊரில் வைகாசிக் கடைசியில் ஆரம்பித்து ஆடி முடிய அடிக்கிற காற்றில் இறகுப்பந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் கயத்தாறில் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. அந்த மாதங்களில் பிள்ளைகள் பந்தை வளையத்தில் போட்டுக்கொண்டிருக்கலாம் என்பது திட்டம்.

பழைய தளம்

அதை வைகாசியில் போட்டிருக்கிறார்கள். கோடையில் வேலை சுலபம். ஆள் கிடைக்கும், மழைத் தொல்லை இல்லை. ஒரு அடி தோண்டி, செங்கல் ஜல்லியும் தோண்டிய கரிசலும் கலந்து நிரப்பி, அதன்மேல் 4 அங்குலக் கான்கிரீட். கம்பி போட்டிருந்தார்கள், ஆனால் அது தளத்தின் அடியில் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. ஜாயின்ட் எதுவும் கிடையாது. மாடியிலிருந்து வரும் மழைத்தண்ணீர்க் குழாய் தளத்தின் வடமேற்கு மூலையில் கொட்டியது. தெற்கு ஓரத்தில் ஒரு பெரிய வேப்பமரம், பத்தடி தூரத்தில்.

நான் போனபோது தளத்தின் நடுவில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. விரல் நுனி உள்ளே போகும். நூல் பிடித்துப் பார்த்தோம். வடமேற்கு மூலை தூக்கியிருந்தது. வேப்பமரத்துப் பக்கம் இறங்கியிருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று அங்குலத்துக்கும் மேல். நெட் கட்டும் இரும்புக் கம்பங்களில் ஒன்று வெளிப்பக்கம் சாய்ந்து நின்றது. தெற்கு ஓரத்தில் மண்வெட்டியால் லேசாகச் சுரண்டினால், கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் கை நுழைகிற அளவு இடைவெளி. அந்தப் பக்கத்துத் தளம் மண்மேல் உட்காரவே இல்லை, அந்தரத்தில் நின்றது.

"கான்கிரீட்டை ஏமாத்திட்டாங்க சார்" என்றார் வீட்டுக்காரர். ஒரு துண்டை உடைத்துப் பார்த்தேன். கான்கிரீட் நன்றாகத்தான் இருந்தது. அதைக் கீழே இருந்து ஒரு கை தூக்கியது, இன்னொரு கை இழுத்தது. நாலு அங்குலத் தளம் என்ன செய்யும்?

கரிசலில் இருக்கும் களிமண் தண்ணீரைத் தன் அடுக்குகளுக்கு இடையில் இழுத்து ஊதுகிற வகை. காய்ந்தால் அதே அளவுக்குச் சுருங்கி வெடிக்கும். இது விவசாயிக்குத் தெரியாத விஷயமில்லை. சித்திரையில் கரிசக்காட்டு வெடிப்பில் கம்பை விட்டால் எவ்வளவு தூரம் உள்ளே போகும் என்று எந்தச் சம்சாரியைக் கேட்டாலும் சொல்வார். தளம் போட்டவர்கள் மறந்தது வேறு ஒன்று. மண்மேல் ஒரு மூடியைப் போட்டால் மூடிக்குக் கீழே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. நடுப்பகுதி மெல்ல மெல்ல ஈரமாகி உப்பும். ஓரங்களோ வெயிலில் காயும், மழையில் நனையும். வருஷத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும். கோடையில் தளம் முதுகு வளைந்து நிற்கும், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஓரங்கள் மேலே வரும். இந்த ஆட்டத்தில்தான் நடுவில் நீளமாக வெடிக்கிறது. இங்கே அதோடு ஒரு மூலையில் மாடித் தண்ணீரும், எதிர்ப் பக்கத்தில் ஈரத்தை உறிஞ்சும் வேம்பும் சேர்ந்துகொண்டன.

மண்ணை அளந்தது

மண் எவ்வளவு ஊதும் என்று தெரிந்துகொள்ளப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. இந்தியத் தர விதியான ஐ.எஸ். 2720-இன் 40-ஆம் பகுதியில் ஒரு எளிய சோதனை இருக்கிறது. மண்ணை அடுப்பில் உலர்த்தி, 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, பத்துப் பத்து கிராமாக இரண்டு 100 மில்லி அளவுக் குடுவையில் போட வேண்டும். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். கலக்கிவிட்டு 24 மணி நேரம் அப்படியே வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் ஊதாது, தண்ணீரில் ஊதும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மண்ணெண்ணெய்க் குடுவையின் அளவால் வகுத்து நூறால் பெருக்கினால் ஊதல் சதவீதம்.

எங்கள் மண்ணெண்ணெய்க் குடுவையில் மண் 10 மில்லி கோட்டில் நின்றது. தண்ணீர்க் குடுவையில் 22. அதாவது 120 சதவீதம். ஐ.எஸ். 1498 கணக்குப்படி 50-க்குக் கீழே என்றால் கவலை இல்லை, 50 முதல் 100 வரை நடுத்தரம், 100-க்கு மேல் 200 வரை ஆபத்தான மண், அதற்கும் மேலே போனால் மிகக் கடுமை. வீட்டுக்காரர் அந்த இரண்டு குடுவைகளையும் கூடத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். பணம் ஏன் தரைக்கு அடியில் செலவாகிறது என்று அவருக்கு நான் விளக்க வேண்டிய வேலை அதோடு முடிந்தது.

இன்னொரு சோதனையும் செய்தோம்: மண்ணில் சல்பேட் எவ்வளவு என்று. ஊதலைக் குறைக்க மண்ணில் சுண்ணாம்பு கலக்கப் போகிறோம் என்றால் இதைப் பார்க்காமல் கலக்கக் கூடாது. ஜிப்சம் போன்ற சல்பேட் அதிகம் உள்ள மண்ணில் சுண்ணாம்பைக் கலந்தால் அது வேறொரு உப்பாக மாறி, கரிசலைவிட மோசமாக ஊதும். எங்கள் மண்ணில் குறைவுதான். தைரியமாக இறங்கினோம்.

என்னென்ன வழி இருந்தது

எல்லாவற்றிலும் மலிவானது செம்மண் தரை. செவக்காட்டு மண்ணை ஒரு அடி ஏற்றி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டால் ஆயிற்று. கபடி, வாலிபால், பூப்பந்தெல்லாம் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் விளையாடுகிறார்கள். கீழே கரிசல் அசைந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை மட்டம் செய்துகொள்ளலாம். கையில் காசு குறைவென்றால் இன்றும் என் முதல் சிபாரிசு இதுதான். அரைகுறைக் கான்கிரீட்டைவிட நல்ல மண்தரை எவ்வளவோ மேல். ஆனால் இங்கே பாஸ்கெட்பால் குதிக்க வேண்டும், மழை விட்ட மறுநாள் விளையாட வேண்டும் என்றார்கள்.

அமெரிக்காவில் டல்லாஸ், ஹூஸ்டன் பக்கமும் இதே சுபாவமுள்ள கருப்புக் களிமண்தான். அங்கே கோர்ட்டுகளுக்கு போஸ்ட்-டென்ஷன் தளம் போடுவது வழக்கம். கான்கிரீட்டுக்குள் குழாயில் கேபிள் ஓட்டி, இறுகிய பிறகு இழுத்துப் பூட்டிவிடுவார்கள். தளம் எப்போதும் அழுத்தத்திலேயே இருப்பதால் வெடிப்பு திறக்காது. நல்ல முறைதான். ஆனால் ஒரே ஒரு ஷட்டில் தளத்துக்காகக் கேபிள் இழுக்கும் ஆட்களையும் ஜாக்கையும் கொண்டுவருவது கட்டுப்படியாகாது.

வீடு கட்டுகிற மாதிரி அண்டர்-ரீம்டு பைல், அதாவது அடியில் குமிழ் வைத்த கான்கிரீட் தூண், போட்டு அதன்மேல் தளத்தை நிறுத்தலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் (சி.பி.ஆர்.ஐ.) கரிசலுக்கென்றே வளர்த்தெடுத்த முறை அது. வீட்டுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் வீட்டின் பாரம் பைல்களைப் பிடித்து அழுத்துகிறது. தளத்துக்கு அந்தப் பாரம் கிடையாது. மண்ணுக்கும் தளத்துக்கும் நடுவில் காலியிடம் விட்டு, முழுத் தளத்தையும் பாலம் மாதிரி வடிவமைக்க வேண்டியிருக்கும். விளையாட்டுத் தளத்துக்கு அவ்வளவு எதற்கு? மண்ணோடு சேர்ந்து கொஞ்சம் ஏறி இறங்கட்டும், ஆனால் மொத்தமாக, ஒரே சீராக ஏறி இறங்கட்டும் என்பதுதான் நாங்கள் எடுத்த முடிவு.

அந்த பைல் போடுவதற்கான விதியிலிருந்து ஒரு பாடம் மட்டும் எடுத்துக்கொண்டோம். ஆழமான கரிசலில் பைல் குறைந்தது 3.5 மீட்டர் இறங்க வேண்டும் என்கிறது விதி. பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறுகிற மண் அந்த ஆழம் வரை இருக்கலாம் என்பதுதான் காரணம். நாம் இரண்டடி தோண்டி மண்ணை மாற்றிவிட்டு "கரிசலை எடுத்தாச்சு" என்று நினைத்தால் அது கனவு. கீழே இன்னும் எட்டு, ஒன்பது அடி கரிசல் அப்படியே இருக்கிறது. அதை எடுக்க முடியாது. அதன் ஈரம் மாறாமல் பார்த்துக்கொள்ள மட்டும்தான் முடியும்.

தை மாதம்

வேலையைத் தையில் ஆரம்பித்தோம். கரிசலில் இதற்கு ஜாதகம் பார்ப்பதைவிட முக்கியமான காரணம் உண்டு. வைகாசியில் காய்ந்து வெடித்த மண்மேல் மூடி போட்டால், அது ஈரத்தைத் தேடிப் பிடித்து ஊதும். கார்த்திகையில் ஊறிய மண்மேல் போட்டால், கோடையில் ஓரங்கள் சுருங்கி இறங்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்து, மேல்மண் காலில் ஒட்டாமல், ஆனால் அடியில் ஈரம் இருக்கிற காலம் தை. வருஷம் முழுக்க வரப்போகும் ஈரத்தின் சராசரிக்கு மண் அப்போதுதான் பக்கத்தில் இருக்கிறது.

தளம் 60-க்கு 32 என்றாலும் தோண்டியது நாலு பக்கமும் மூன்றடி கூட்டி, 66-க்கு 38. ஆழம் இரண்டடி. ஜேசிபி தோண்டி முடித்ததும் குழியை வெயிலில் போட்டுவிடக் கூடாது என்று சொல்லி, ஒவ்வொரு நாளும் சாயங்காலம் தண்ணீர் தெளித்தோம். சிறு வெடிப்புகள் மூடி, மண்ணைக் கையில் எடுத்து உருட்டினால் உருண்டை பிடித்து, அழுத்தினால் ஓரம் பிளக்காமல் இருக்கிற பதம் வரும்வரை. குழிக்குள் தண்ணீர் தேங்கவிடவும் இல்லை.

அடுத்தது சுண்ணாம்பு. குழியின் அடிமண்ணை ஆறு அங்குலத்துக்கு ரொட்டவேட்டரால் கிளறி, மண்ணின் எடையில் 4 சதவீதம் சுண்ணாம்புத்தூள் கலந்தோம். கணக்குப் பார்த்தால் இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் மேலே, 25 கிலோ மூட்டையில் 80-க்கும் அதிகம். காற்று ஓய்ந்த அதிகாலையில்தான் இதைச் செய்ய வேண்டும். தூள் கண்ணிலும் ஈரத் தோலிலும் பட்டால் பொத்துவிடும். முகமூடி, கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரையும் இறங்கவிடவில்லை. மதியத்துக்குள் ஒரு மாற்றம் கண்ணுக்கே தெரிந்தது. காலையில் செருப்பைப் பிடுங்கிக்கொண்ட களி, புட்டு மாவு மாதிரி உதிரி உதிரியாக நின்றது. ஒரு நாள் அப்படியே மூடி ஆறவிட்டு, மறுபடி ஒருமுறை கிளறி, ரோலர் விட்டோம்.

மணலா, சரளா

இந்த வேலையில் பெரிய வாக்குவாதம் நடந்தது குழியை எதைப் போட்டு நிரப்புவது என்பதில்தான். கொத்தனார் அனுபவசாலி, அறுபதைத் தொட்டவர். "ரெண்டடி மணலைக் கொட்டி, தண்ணி விட்டு, ரோலர் ஓட்டிட்டா கல்லு மாதிரி நிக்கும் சார். நாம எத்தனை வீட்டுக்கு பேஸ்மட்டம் போட்டுருக்கோம்" என்றார்.

"அண்ணாச்சி, மணல் நிக்கும். மணலுக்குள்ள தண்ணியும் நிக்குமே?"

விஷயம் அதுதான். கரிசலுக்குள் தண்ணீர் லேசில் இறங்காது. அதில் குழி தோண்டி மணலையோ வெறும் ஜல்லியையோ நிரப்பினால், அந்தக் குழி ஒரு தொட்டி. ஓரத்தில் எங்கிருந்தோ வருகிற தண்ணீர் மணல் வழியாகச் சுலபமாக உள்ளே வந்து, அடியில் போக வழியில்லாமல் நிற்கும். பிறகு மாசக்கணக்கில் கீழே இருக்கும் கரிசலுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். தளத்தைக் காப்பாற்றப் போட்ட மணலே தளத்தைத் தூக்கும். தளத்தின் ஓரமாக ஜல்லி நிரப்பி ஓட்டைக் குழாய் புதைக்கும் வெளிநாட்டு முறையையும் இதே காரணத்துக்காகத்தான் வேண்டாம் என்றேன். சாய்வும் வெளியேற்றமும் கச்சிதமாக இல்லையென்றால் அதுவும் ஒரு நீளத் தொட்டிதான்.

வேண்டியது ஊதாத மண். ஆனால் தண்ணீரையும் எளிதில் விடாத, கொஞ்சம் ஒட்டும் தன்மையுள்ள மண். ஐ.ஐ.டி. பம்பாயில் பேராசிரியர் ஆர்.கே. கட்டி கரிசலைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்து சொன்னது இதைத்தான்: ஊதும் மண்ணுக்கு மேலே, ஊதாத, பிடிமானமுள்ள மண்ணைத் தகுந்த கனத்துக்கு இறுக்கிப் போட்டால், கீழே உள்ள மண்ணின் வீக்கம் வெகுவாக அடங்கும். கரிசல் வழியே போகும் வாய்க்கால்களுக்கு சிமென்ட் பூச்சு போடும்போது கடைப்பிடிக்க வேண்டிய ஐ.எஸ். 9451 விதியும் இந்த முறையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. வாய்க்காலைத் தாங்குவது கோர்ட்டைத் தாங்காதா?

நம் பக்கத்தில் அதற்குத் தோதான சரக்கு செவக்காட்டுச் சரள். சிவப்புக் களி கொஞ்சமும் பொடிக்கல் நிறையவும் கலந்தது. எல்லாச் சரளும் ஒன்றில்லை. இரண்டு இடத்திலிருந்து மாதிரி எடுத்து அதே குடுவைச் சோதனையைச் செய்து, ஊதல் அறவே இல்லாததைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டரை அடிக் கனம்: தோண்டிய இரண்டடியை நிரப்பி, தரைக்கு மேலே அரை அடி. இறுகிய பிறகு 63 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) கணக்கு வருகிறது. டிப்பரில் வந்தது 80 யூனிட்டுக்கும் மேல். எட்டு அங்குலம் கொட்டினால் ஆறு அங்குலமாக இறுகும். அப்படி அடுக்கடுக்காக, ஒவ்வொன்றுக்கும் ஈரம் பார்த்து, அதிர்வு ரோலர் ஓட்டினோம். இரண்டடியையும் ஒரே தடவையாகக் கொட்டி மேலே மட்டும் ரோலர் விடுகிற வேலை நிறைய நடக்கிறது. மேலே ரோட்டு மாதிரி இருக்கும், கீழே தூளி ஆடும்.

கொத்தனார் கடைசிவரை முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மணல் விலையையும் சரள் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டிய பிறகு வாக்குவாதத்தை நிறுத்தினார்.

ஓரம்

நிரப்பிய சரளின் வெளி ஓரத்தைச் சுற்றி, தரை மட்டத்திலிருந்து ஐந்தடி ஆழத்துக்கு ஒடுக்கமான பள்ளம் தோண்டினோம். பண்ணைக்குட்டைக்கு விரிக்கிற 500 மைக்ரான் ஷீட்டை அதில் செங்குத்தாக இறக்கி, மடிப்பில் ஒன்றரை அடி மேலேற்றி ஒட்டி, சுண்ணாம்பு கலந்த அதே கரிசலால் பள்ளத்தை மூடி இடித்தோம். இங்கே மணல் போட்டால் மறுபடி தொட்டிக் கதைதான். பக்கவாட்டில் ஈரம் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் இந்தத் திரை மட்டுப்படுத்துகிறது. மழை ஐந்தடிக்குக் கீழே சுற்றிக்கொண்டு வரத்தான் செய்யும். ஆனால் மெதுவாக வரும். அவசரமாக மாறுகிற ஈரம்தான் தளத்தை உடைக்கிறது.

திரைக்கும் தளத்துக்கும் நடுவில் உள்ள மூன்றடிக்கு வெளிப்பக்கம் சாய்வாகத் தனிக் கான்கிரீட் நடைபாதை. அதற்கும் தளத்துக்கும் ஒட்டு உறவு இல்லை. நடுவில் அரை அங்குல இடைவெளி, அதில் ரப்பர் மாதிரி நெகிழ்ந்து கொடுக்கும் பாலிசல்பைடு சீலன்ட். அது அசைந்தால் அசையட்டும். அதற்கு வெளியே மூடாத சிமென்ட் வாய்க்கால். மாடித் தண்ணீர்க் குழாயையும் அதற்குள் திருப்பி, மனையின் மறுகோடியில் இருக்கும் மழைநீர்க் குழிக்குக் கொண்டுபோனோம்.

வேப்பமரத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்காவது தளம் தள்ளி இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு, இங்கே பத்தடிதான். வீட்டுக்காரரின் தாயார் திண்ணையிலிருந்தே பதில் சொல்லிவிட்டார்: "ஏய்யா, நீ கோர்ட்ட வேணா தள்ளிப் போடு. வேம்புல கை வைக்காத." தளத்தை ஆறடி வடக்கே தள்ளினோம். தெற்குப் பக்கத் திரையை மட்டும் ஆறரை அடி ஆழத்துக்கு இறக்கினோம். குறுக்கே வந்த வேர்களைப் பிய்க்காமல் ரம்பத்தால் சுத்தமாக அறுத்தோம். மரத்துக்கு மறுபக்கம் வட்டப் பாத்தி கட்டி, கோடையில் அங்கே தண்ணீர் விடச் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் அந்தப் பக்கம் கிடைத்தால் வேர் இந்தப் பக்கம் தேடி வருவது குறையும்.

தளம்

மேலே நடந்தது பெரும்பாலும் வழக்கமான வேலை. சரள்மேல் 250 மைக்ரான் பாலித்தீன் இரட்டையாக விரித்து, 5 அங்குல எம்-25 தரக் கான்கிரீட். ஓரங்களில் மட்டும் ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்குத் தடித்த பீம். 10 எம்.எம். கம்பி ஆறு அங்குலத்துக்கு ஒன்று, இரண்டு பக்கமும். கம்பி வலையை இரும்பு நாற்காலி வைத்துத் தூக்கி, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில் நிறுத்தினோம். கான்கிரீட் போடும்போது ஆட்கள் அதன்மேல் நடந்து அமுக்கிவிடுவார்கள் என்பதால் நடக்கத் தனியாகப் பலகை போட்டோம். போர் தண்ணீர் உப்பு. கலவைக்கு நல்ல தண்ணீர் லாரியில் வந்தது.

ஜாயின்ட் எங்கே வைப்பது என்பது யோசிக்க வேண்டிய இடம். கான்கிரீட்டில் உள்ள ஜாயின்ட், மேலே எத்தனை கோட் அக்ரிலிக் அடித்தாலும் ஒருநாள் வெளியே தெரியும். அதனால் ஒரே ஒரு ஜாயின்ட், சரியாக நெட்டுக்குக் கீழே. அங்கே யாரும் கால் வைப்பதில்லை. இரண்டு பாதியையும் இணைக்க வழவழப்பான இணைப்புக் கம்பி (டவல்), ஒரு பக்கம் கிரீஸ் தடவி. அப்போதுதான் இரண்டு பாதியும் நீளவாக்கில் விலகலாம், நெருங்கலாம், ஆனால் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போக முடியாது. ஒவ்வொரு பாதியும் 30-க்கு 32 அடி, ஒரே நாளில் நிற்காமல் போட்டு முடித்தது.

சாய்வு நூற்றுக்கு ஒன்று. 32 அடி அகலத்துக்கு ஏறக்குறைய 4 அங்குலம், மேற்கிலிருந்து கிழக்கே, வீட்டை விட்டு விலகி, முழுத் தளமும் ஒரே பலகையாக. நடுவை உயர்த்தி இரண்டு பக்கமும் இறக்கினால் தண்ணீர் வேகமாக ஓடும்தான். ஆனால் இரண்டு ஆட்டக்காரர்களும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள்.

கான்கிரீட் இறுகும்வரை ஈரமாக வைக்கும் க்யூரிங்குக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தவில்லை. வழிகிற தண்ணீரெல்லாம் ஓரத்து மண்ணுக்குத்தானே போகும். நனைத்த சணல் சாக்கு, அதன்மேல் பாலித்தீன், இரண்டு வாரம். அக்ரிலிக் பூச்சு 28 நாள் கழித்து. மேற்பரப்பை இழைத்து வழவழப்பாக்காமல் துடைப்பத்தால் வரி போட்டு விட்டதால் பூச்சு நன்றாகப் பிடித்தது.

நெட்டுக்கு நிலையான கம்பம் வைக்கவில்லை. சக்கரம் வைத்த, எடையுள்ள கம்பங்கள், 1.55 மீட்டர் உயரம். தளத்தில் போடுகிற ஒவ்வொரு ஓட்டையும் கரிசலுக்குத் தண்ணீர் ஊற்றும் புனல். பாஸ்கெட்பால் கம்பத்தை மட்டும் தவிர்க்க முடியாது. அதைத் தளத்துக்கு வெளியே நிறுத்தி, அதற்கு மட்டும் முறைப்படி ஒரு அண்டர்-ரீம்டு பைல்: 12 அங்குலத் தண்டு, அடியில் 30 அங்குலக் குமிழ், 3.5 மீட்டர் ஆழம். கம்பத்தின் கை நீண்டு தளத்துக்குள் வந்து வளையத்தை 3.05 மீட்டரில் பிடிக்கிறது.

மொத்தச் செலவில் பாதிக்கும் மேல் கண்ணுக்குத் தெரியாத பகுதிக்குப் போனது. "இவ்வளவு காசுக்கும் மேல பார்த்தா வெறும் பச்சை பெயின்ட்தான் தெரியுது" என்று சம்பந்தி வீட்டார் கேலி செய்ததாக வீட்டுக்காரர் சொன்னார்.

பிறகு

தளத்தில் நாலு மூலை, நாலு ஓர நடு, மையம் என்று ஒன்பது இடத்தில் பித்தளை ஆணி பதித்து லெவல் எடுத்து வைத்தோம். பாஸ்கெட்பால் கம்பத்தின் பைல் தலைதான் ஒப்பிடும் புள்ளி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகும், அடுத்த வைகாசியிலும் அதே ஆணிகளை மறுபடி பார்த்தோம். மழைக்குப் பிறகு மொத்தத் தளமும் சில மில்லிமீட்டர் ஏறியிருந்தது, கோடையில் இறங்கியது. அது பரவாயில்லை. ஒரு ஆணிக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் வந்த வித்தியாசம்தான் முக்கியம். அதில் மோசமானது வேப்பமரத்துப் பக்கத் தென்கிழக்கு மூலை: மையத்தைவிட 8 மில்லிமீட்டர் இறக்கம். பழைய தளத்தில் பார்த்த மூன்று அங்குலத்தோடு வைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் பூஜ்யமும் இல்லை.

மழை விட்டு ஒரு மணி நேரத்தில் தளத்தில் எங்காவது தண்ணீர் நிற்கிறதா என்று நாணயம் போட்டுப் பார்க்கிற வழக்கம் அமெரிக்காவில் கோர்ட் போடுகிறவர்களிடம் உண்டு. நாணயத்தை மூழ்கடிக்கிற ஆழம் இருந்தால் அங்கே மேவிச் சரிசெய்ய வேண்டும். நாங்கள் ஒரு ரூபாய்க் காசு போட்டோம். வடக்குப் பாதியில் ஒரே ஒரு இடத்தில் காசு மூழ்கியது. அது மண் செய்த வேலை இல்லை. மட்டப்பலகை இழுத்தபோது விட்ட பள்ளம். அக்ரிலிக் பேட்ச் வைத்து மேவிவிட்டோம்.

நடைபாதையில் தெற்குப் பக்கம் மயிரிழை வெடிப்பு இரண்டு வந்திருக்கிறது. அதை எதிர்பார்த்தோம். சீலன்ட் ஓர் இடத்தில் விட்டுப்போய், சுரண்டி எடுத்து மறுபடி நிரப்பினோம். வருஷா வருஷம் புரட்டாசியில், மழைக்கு முன்னால், சீலன்ட்டையும் வாய்க்காலையும் பார்த்துவிட வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாய்க்காலில் வேப்பஞ்சருகு அடைத்துக்கொள்வதுதான் அடிக்கடி வருகிற தொல்லை.

தென்கிழக்கு மூலையின் 8 மில்லிமீட்டர் அடுத்த கோடையில் 10, 12 என்று போனால், அந்தப் பக்கத் திரையைத் திறந்து வேர் எங்காவது துளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். இதற்கிடையில் கிழக்கு ஓரத்தில், வாய்க்காலை ஒட்டி, நிழலுக்காக வரிசையாகத் தென்னங்கன்று வைக்கலாமா என்று வீட்டுக்காரர் போனில் கேட்டார். வேண்டாம் சார், பந்தல் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.